கம்பெனிச் சரக்கும் பெயரில்லாச் சரக்கும்

வீட்டுக்கு அன்றாடம் வேண்டிய பொருள் எதுவானாலும் கடையில் அது மூன்று விதமாகக் கிடைக்கிறது. விளம்பரத்தில் வருகிற, எந்த ஊருக்குப் போனாலும் ஒரே உறையில் இருக்கிற கம்பெனிச் சரக்கு ஒன்று. சூப்பர் மார்க்கெட் வேறொருவரிடம் தயாரித்து வாங்கித் தன் பெயரை ஒட்டி விற்கும் சொந்தப் பாக்கெட் இன்னொன்று. மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் உதிரிச் சரக்கும், யாரும் பெயர் சொல்லிக் கேட்காத உள்ளூர்த் தயாரிப்பும் மூன்றாவது. விலை பெரும்பாலும் இதே வரிசையில் இறங்குகிறது. தரமும் இதே வரிசையில் இறங்குகிறதா என்றால், உப்புக்கு ஒரு விடையும் மிளகாய்த்தூளுக்கு வேறொரு விடையும்தான் கிடைக்கும்.

பிராண்டு எதற்காக இருக்கிறது என்பதைப் பொருளியல் தெளிவாகவே விளக்கியிருக்கிறது. ஜார்ஜ் அக்கர்லாஃபுக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைக்க அடிப்படையாக அமைந்த 1970-ஆம் ஆண்டுக் கட்டுரை, பழைய கார்ச் சந்தையைப் பற்றியது. சரக்கின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலையில், வாங்குபவர் சராசரித் தரத்துக்கான விலையைத்தான் கொடுப்பார். நல்ல சரக்கு வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. அவர் ஒதுங்கிக்கொள்ள, மட்டமானதே சந்தையில் மிஞ்சும். கார் பற்றிய அந்தக் கட்டுரையில் இந்தியச் சமையலறையும் வந்து போகிறது. அரிசியின் நிறத்திலும் வடிவிலும் பார்த்து வேண்டுமென்றே கலந்த கற்களை இந்தியக் குடும்பப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்க வேண்டியிருப்பதை அவர் ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். இந்த நிலைக்கு மாற்றாக அவர் குறிப்பிடும் ஏற்பாடுகளில் பிராண்டுப் பெயரும் ஒன்று. ஒரு தொகுதிச் சரக்கு கெட்டால் மொத்தப் பெயரும் கெடும் என்ற அச்சம் தயாரிப்பவரைக் கட்டிப்போடுகிறது.

ஆகவே பெயருக்குக் கொடுக்கும் கூடுதல் விலை ஒருவகைக் காப்பீட்டுப் பிரீமியம். கண்ணுக்குத் தெரியாத குறையிலிருந்து அது காக்கிறது; அல்லது காக்கும் என்று நம்பப்படுகிறது. தரத்தைக் கண்ணாலோ நாக்காலோ அறிய முடிகிற பொருளுக்கும், சட்டமும் ஆய்வகமும் ஏற்கெனவே உறுதி செய்துவிட்ட பொருளுக்கும் அந்தப் பிரீமியத்தைக் கட்டுவது வீண்செலவு. எந்தப் பொருள் எந்த வகையில் சேரும் என்று பிரித்தறிவதில்தான் முழு விவகாரமும் இருக்கிறது.

மேலை நாடுகளில் இந்தக் கேள்வி 1970-களில் கூர்மையடைந்தது. பிரான்சின் கார்ஃபூர் நிறுவனம் 1976-இல் வெள்ளை உறையில், பொருளின் பெயரை மட்டும் அச்சிட்டு, 50 பொருட்களை விற்கத் தொடங்கியது. மறு ஆண்டு சிகாகோவின் ஜூவல் கடைகளும், 1978-இல் கனடாவின் லோப்லா கடைகளும் அதே வழியில் இறங்கின. லோப்லாவின் மஞ்சள் உறை அங்கே இன்றும் விற்பனையில் உள்ளது. பெயரில்லாச் சரக்கை யார் வாங்குகிறார்கள் என்று அமெரிக்கக் குடும்பங்களின் கொள்முதல் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்து நான்கு பொருளியலாளர்கள் 2015-இல் வெளியிட்ட முடிவு அதிகம் பேசப்பட்டது. தலைவலி மாத்திரை வாங்கும்போது சராசரி வாடிக்கையாளர் 26 விழுக்காடு முறை பிராண்டு மாத்திரையை எடுக்கிறார். மருந்தாளுநர்களோ 9 விழுக்காடு முறைதான். உப்பு, சர்க்கரை போன்றவற்றில் தொழில்முறைச் சமையல்காரர்கள் பிராண்டுக்குச் செலவிடும் பங்கு மற்றவர்களைவிட 12 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு. பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் பெயருக்குப் பணம் கொடுப்பது குறைவு. ஆனால் அந்த நாடுகளில் பெயரில்லாச் சரக்கும் உறையிட்டு, சட்டப்படி சோதனைக்கு உட்பட்டுத்தான் வருகிறது. இந்தியாவில் அப்படி எல்லாவற்றுக்கும் சொல்ல முடியாது. இங்கே உதிரிச் சரக்குதான் முந்தியது. பாக்கெட் பின்னால் வந்தது.

எளிதான பொருளிலிருந்து தொடங்கலாம். அயோடின் கலந்த உப்பில் சோடியம் குளோரைடு குறைந்தது 96 விழுக்காடு இருக்க வேண்டும், கடைக்கு வந்தபின் அயோடின் குறைந்தது 15 பி.பி.எம். இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பாக்கெட் உப்பு எதுவானாலும் இந்த விதிக்கு உட்பட்டதே. 1983-இல் டாட்டா உப்பு வந்தபோது, அயோடின் கலந்த பாக்கெட் உப்பு என்பதே ஒரு புதுமை. அப்போது பெயருக்குப் பொருள் இருந்தது. இன்று ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் தமிழ்நாடு உப்புக் கழகமும், தூத்துக்குடியின் சிறு நிறுவனங்களும் அதே அயோடின் உப்பைக் குறைந்த விலைக்குத் தருகின்றன. பொல பொலவென்று கொட்டுவதும் பளிச்சென்ற வெண்மையும் கம்பெனி உப்பில் கூடுதலாக இருக்கலாம். குழம்புக்கு அது தெரியாது. கவனிக்க வேண்டியது, அயோடின் சேர்க்காத உப்பைச் சாக்கிலிருந்து அள்ளி வாங்காமல் இருப்பதும், வாங்கியதை ஈரமும் அனலும் படாமல் வைப்பதும்தான். சர்க்கரைக்கு இவ்வளவுகூடச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைச் சர்க்கரையில் 99.5 விழுக்காடு சுக்ரோஸ். பருமனில் வேறுபாடு உண்டு, இனிப்பில் கிடையாது. பாக்கெட் பாலும் இதே கணக்குதான்: டோன்டு பாலில் கொழுப்பு 3 விழுக்காடு, கொழுப்பற்ற திடப்பொருள் 8.5 என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. டோன்டு பாலை எந்தப் பெயரில் வாங்கினாலும் கெட்டித்தன்மை அந்த எல்லைக்குள்ளேதான் இருக்கும். எத்தனை மணி நேரம் குளிரில் இருந்து வந்தது என்பதே வித்தியாசம்.

அரிசியும் பருப்பும் கண்ணால் பார்த்து வாங்குகிற பொருட்கள். கையில் அள்ளி, நொய்யும் கறுப்பும் பார்த்து, ஒரு கிலோ வாங்கிச் சமைத்துப் பார்த்து மூட்டைக்குப் போகும் வழக்கம் எந்த முத்திரைக்கும் குறைந்ததல்ல. இங்கே பெயருக்கும் வரிக்கும் ஒரு விசித்திரத் தொடர்பு இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, பதிவு செய்த பிராண்டுப் பெயரில் பையிட்டு விற்கும் அரிசிக்கு 5 விழுக்காடு வரி, பெயரில்லாததற்கு வரி இல்லை என்று வைத்தார்கள். பல ஆலைகள் பிராண்டுப் பதிவையே விட்டுவிட முன்வந்தன. 2022 ஜூலை 18 முதல் அளவுகோல் மாறி, 25 கிலோ வரை முன்கூட்டியே பையிட்டு லேபிள் ஒட்டிய எல்லாவற்றுக்கும் வரி வந்தது. உடனே தமிழ்நாட்டுக் கடைகளில் 26 கிலோ அரிசிப் பை முளைத்தது. அந்த ஒரு கிலோ யாருடைய பசிக்காகவும் வந்ததில்லை. பருப்பில் ஓர் எச்சரிக்கை தேவை: அளவுக்கு மீறிப் பளபளக்கும் துவரம்பருப்பில் மெட்டானில் மஞ்சள் என்ற தடை செய்யப்பட்ட சாயம் பிடிபட்டதுண்டு. மங்கலான பருப்பே பாதுகாப்பானது.

முழுப்பொருள் தூளானதும் நிலைமை தலைகீழாகிறது. மிளகாய் வற்றலில் பழுதும் காம்பும் தெரியும். மிளகாய்த்தூளில் சாயமும் உமியும் தெரியாது. மஞ்சள் தூளில் காரீயக் குரோமேட் கலப்பது நெடுநாள் தொல்லை. கண்ணும் நாக்கும் தோற்கும் இந்த இடத்தில் பெயருக்குக் காசு கொடுப்பதில் நியாயம் உண்டு. ஈரோட்டில் 1970-களில் மஞ்சள் வியாபாரத்திலிருந்து கிளம்பிய சக்தி மசாலாவும், 1995-இல் தொடங்கிய ஆச்சி மசாலாவும் இத்தனை பெரிதாக வளர்ந்ததற்குச் சுவை மட்டும் காரணமில்லை. உதிரித் தூள்மீது இருந்த அவநம்பிக்கையும் ஒரு காரணம். மிகவும் மோசமான தேர்வு, லேபிளும் உரிம எண்ணும் இல்லாத வெறும் பாலிதீன் பையில் வரும் மலிவுத் தூள்.

பெயருக்கும் பெயரின்மைக்கும் அப்பால் தமிழ்நாட்டில் மூன்றாவது வழி ஒன்று உயிரோடு இருக்கிறது. மிளகாயும் மல்லியும் விரலி மஞ்சளும் முழுசாக வாங்கி, மாடியில் காயவைத்து, தெருமுனை மில்லில் கண்முன்னே அரைத்துக்கொள்வது. கலப்படம் நுழையும் வாசலை இது அடைத்துவிடுகிறது. முன்னால் அரைத்தவருடைய மல்லியில் கொஞ்சம் சேர்ந்துவரும், அவ்வளவே. ஆனால் வயலில் அடித்த பூச்சிமருந்தை மில் போக்காது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டும். அந்தச் சோதனையைச் செய்யும் வசதி பெரிய நிறுவனங்களிடம் இருக்கிறது. வசதி இருப்பது வேறு, தவறாமல் செய்வது வேறு. 2024 ஏப்ரலில் புகழ்பெற்ற இரண்டு இந்திய நிறுவனங்களின் சில மசாலாத் தூள்களை எத்திலீன் ஆக்சைடு என்ற பூச்சிக்கொல்லி காரணமாக ஹாங்காங் நிறுத்திவைத்தது.

சமையல் எண்ணெய்க்கு விதி கறாரானதற்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்ததால் பரவிய நீர்க்கோவை நோயில் 60 பேருக்கு மேல் இறந்தனர். அதே ஆண்டு எண்ணெயை அடைத்து மட்டுமே விற்க வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது. ஆனாலும் டின்னிலிருந்து அளந்து ஊற்றும் எண்ணெய் இன்னும் முற்றாக மறையவில்லை. இந்தப் பட்டியலில் விலைக்காகக்கூட வாங்கக்கூடாத பொருள் அதுவே. அடைத்த எண்ணெயில் சுத்திகரித்த சூரியகாந்தி, பாமாயில் ஆகியவை எந்தக் கம்பெனியானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பலவும் இறக்குமதியாகும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தவை. ரேஷன் பாமாயில் பாக்கெட்டைத் தாழ்வாகப் பார்க்கக் காரணமில்லை. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வேறு கதை. அவற்றில் மணமே சரக்கு; மலிவான எண்ணெய் கலக்கும் ஆசையும் அங்கேதான் அதிகம். அக்மார்க் முத்திரை உள்ள பாக்கெட்டோ, எள்ளைக் கொடுத்துக் கண்ணெதிரே ஆட்டி வாங்கும் செக்கோ நல்லது. ‘மரச்செக்கு’ என்று பலகை மட்டும் தொங்கி, செக்கு கண்ணில் படாத கடைக்கு இந்த நம்பிக்கை பொருந்தாது. அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். ஒரே உயரமுள்ள இரண்டு பாக்கெட்டுகளில் ஒன்று 1 லிட்டராகவும் மற்றது 850 கிராமாகவும் இருக்கலாம். விலை குறைவாகத் தெரிவது எண்ணெய் குறைவாக இருப்பதால்.

குளியல் சோப்பில் தரத்தை உறையே சொல்லிவிடுகிறது. சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவான டி.எஃப்.எம். குறைந்தது 76 விழுக்காடு இருந்தால் முதல் கிரேடு, 70 இருந்தால் இரண்டாம் கிரேடு, 60 இருந்தால் மூன்றாம் கிரேடு. ‘குளியல் பார்’ என்ற பெயரில் வருவதற்கு 40 போதும். இந்த எண்ணைப் பார்த்து வாங்குகிறவருக்கு நடிகையின் படம் தேவைப்படாது. விளம்பரமே இல்லாத, காதி கடையிலோ கூட்டுறவுக் கடையிலோ கிடைக்கும் சோப்பு முதல் கிரேடாகவும், பாடல் போட்டு விற்கும் சோப்பு அதற்குக் கீழாகவும் இருப்பதைக் காணலாம். டி.எஃப்.எம். குறைந்த சோப்பு தண்ணீரில் சீக்கிரம் கரைந்து கொழகொழத்துப் போகும் என்பதால், மலிவு விலை மாதக் கடைசியில் மலிவாக இருப்பதில்லை. ஒரு விலக்கு: செயற்கைச் சலவைப்பொருளால் ஆன மென்மையான பார்களை இந்த எண்ணால் அளக்க முடியாது, அவையும் குளியல் பார் என்றே அச்சிடப்படுகின்றன. பெயர் நிலைத்திருக்க, பெயருக்குப் பின்னால் இருப்பவர் மாறுவதும் உண்டு. தமிழ்நாட்டில் தலைமுறைகளாகப் புழங்கும் ஹமாம், டாட்டா ஆயில் மில்ஸ் தயாரித்தது. 1990-களில் அந்த நிறுவனம் இந்துஸ்தான் லீவருடன் இணைந்தபோது பெயரும் கைமாறியது.

சலவைத்தூளின் வரலாறு, இன்றைய மலிவுச் சரக்கு நாளைய பிராண்டாகும் என்பதற்குச் சாட்சி. 1959-இல் இந்தியாவுக்கு வந்த சர்ஃப் நகரத்து நடுத்தர வீடுகளில் ஆட்சி செய்தது. 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் கொல்லையில் கலந்து வீடு வீடாக விற்ற நிர்மா, சர்ஃபின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சோடா கூடுதல், கை எரியும் என்ற குறைகள் உண்மைதான். ஆனாலும் அதுவரை சலவைத்தூளே வாங்காத வீடுகள் வாங்கின. அதைச் சமாளிக்க, சர்ஃபைத் தயாரித்த லீவர் நிறுவனமே ‘வீல்’ என்ற மலிவுத் தூளைக் கொண்டுவர நேர்ந்தது. இன்று விலை கூடிய தூள்களில் நொதிகள் சேர்வதால் ரத்தக்கறை, எண்ணெய்க்கறைக்கு அவை மெய்யாகவே நன்றாக வேலை செய்கின்றன. மிதியடிக்கும் தரைத்துணிக்கும் அந்த நொதி எதற்கு? பல வீடுகளில் இரண்டு தூள் இருப்பது கஞ்சத்தனமல்ல, கணக்கு.

பினாயில், பிளீச்சிங் பவுடர் இரண்டிலும் வேலை செய்வது பழகிய ஒரு ரசாயனம். உள்ளூர்த் தயாரிப்பு போதும், லேபிளில் தயாரிப்பாளர் முகவரியும் தேதியும் இருந்தால். பிளீச்சிங் பவுடர் நாளாக ஆக வீரியம் இழப்பதால் தேதிதான் அதன் பிராண்டு. கழிப்பறை ஆசிட்டைப் பழைய குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி விற்பது மட்டும் எந்த விலைக்கும் ஏற்கத்தக்கதல்ல. குழந்தைகள் குடித்துவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

மருந்துதான் இந்த விவாதத்தின் கனமான பகுதி. காய்ச்சலுக்கான பாராசிட்டமால் மாத்திரை எந்தப் பெயரில் வந்தாலும், இந்திய மருந்தியல் நூலின்படி அட்டையில் குறித்த அளவில் 95 முதல் 105 விழுக்காடு மருந்து உள்ளே இருக்க வேண்டும். அத்தியாவசிய மருந்து என்பதால் அதற்கு உச்சவரம்பு விலையும் உண்டு. ஆகவே ஒரு மாத்திரையில் மிச்சமாவது சில்லறைதான். மிச்சம் பெரிதாவது நாள்தோறும் விழுங்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மாத்திரைகளில். 2008-இல் தொடங்கிய மக்கள் மருந்தகங்களில் மூலப்பெயரில் விற்கும் மருந்து பிராண்டு மருந்தைவிட 50 முதல் 90 விழுக்காடு வரை விலை குறைவு என்று மத்திய அரசு சொல்கிறது. அதே வழியில் 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு அரசு முதல்வர் மருந்தகங்களை 1,000 இடங்களில் திறந்தது.

பெயரில்லா மருந்தை நம்பலாமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிடம் முப்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மூலப்பெயரிலேயே மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறது. வந்த சரக்கின் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகே வார்டுக்கு விடுகிறது. பிராண்டு செய்ய வேண்டிய வேலையை இங்கே ஆய்வகம் செய்கிறது. நாடு முழுவதற்கும் இவ்வளவு கெடுபிடி கிடையாது. உடலில் உறிஞ்சப்படும் அளவு மூல மருந்துக்கு இணையாக இருப்பதைக் காட்டும் சோதனை, எளிதில் கரையாத வகை மருந்துகளுக்கு 2017-இல்தான் கட்டாயமானது. வலிப்பு, தைராய்டு, ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளில் சிறு அளவு மாற்றமும் உடலைப் பாதிக்கும் என்பதால், அவற்றில் மருத்துவரிடம் கேட்காமல் தயாரிப்பை மாற்றுவது கூடாது.

பெயர் இருந்தாலே பிராண்டு ஆகிவிடாது என்பதும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறக்கக் காரணமான இருமல் மருந்து, காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிறு ஆலையில் தயாராகித் தனிப்பெயரோடுதான் விற்கப்பட்டது. அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டியது. மறுபுறம், பெரும் பெயர்களும் சட்டம் கேட்கும் சோதனைக்கு மேல் பெரும்பாலும் போவதில்லை. 2020 டிசம்பரில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுத் தேன்களில் கலப்படம் உண்டா என்று சோதித்ததில், ஜெர்மனி ஆய்வகத்தின் என்.எம்.ஆர். சோதனை உட்பட அனைத்திலும் தேறியவை மூன்றே. நிறுவனங்கள் முடிவை மறுத்தன. தேறாதவற்றில் பல, அப்போதைய இந்தியத் தர விதிகளில் தேறியவைதான். காப்பீடு எதை ஈடுகட்டும் என்பதைச் சட்டத்தின் சோதனைப் பட்டியல் தீர்மானிக்கிறது.

மின்பொருட்களிலும் பாத்திரங்களிலும் பெயரைவிட முத்திரை முக்கியம். பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். கேஸ் குழாய், சுவிட்சு, ஒயர், அயர்ன்பாக்ஸ் ஆகியவற்றிலும் முத்திரை இல்லாததைத் தொடக்கூடாது. இருபது லிட்டர் குடிநீர் கேனுக்கு ஐ.எஸ்.ஐ. கட்டாயம் 2024 அக்டோபரில் நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக அதை அதிக ஆபத்துள்ள உணவுப் பட்டியலில் சேர்த்து ஆண்டுத் தணிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். கேனின் மூடியில் உறை முழுதாக இருக்கிறதா, உரிம எண் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு வாங்குபவரிடம் கூடியிருக்கிறது.

விலையை ஒப்பிடுவதும் ஒரு கலை. 5 ரூபாய், 10 ரூபாய் என்ற விலையை அசைக்காமல் உள்ளே இருக்கும் கிராமைக் குறைப்பது பிஸ்கட்டிலும் சோப்பிலும் பழகிப்போன உத்தி. இதற்கு மாற்றாக, 2021-இல் திருத்திய பாக்கெட் பொருள் விதிகள், ஒரு கிலோவுக்குக் குறைந்த பொதிக்குக் கிராம் விலையையும், கூடியதற்குக் கிலோ விலையையும் அச்சிடச் சொல்கின்றன; 2024 ஜனவரி முதல் இது கட்டாயம். எம்.ஆர்.பி.க்கு அருகே பொடி எழுத்தில் இருக்கும் அந்த எண்தான் ஒப்பிடத் தக்கது. பெரிய பொதி எப்போதும் மலிவு என்ற எண்ணமும் சரியில்லை. கடலூரில் சின்னிகிருஷ்ணன் தொடங்கிவைத்து, அவர் மகன் ரங்கநாதன் 1980-களில் ‘சிக்’ ஷாம்புவால் பட்டிதொட்டியெங்கும் பரப்பிய சாஷேயில், மில்லிலிட்டர் கணக்கு பார்த்தால் பாட்டிலைவிடப் பல நேரம் விலை குறைவு. குப்பை மட்டும் அதிகம்.

சூப்பர் மார்க்கெட்டின் சொந்தப் பாக்கெட்டில் தெரிந்துகொள்ள வேண்டியது தயாரித்தவர் யார் என்பது. உறையின் பின்புறத்தில் ‘தயாரித்தவர்’, ‘பேக் செய்தவர்’, ‘சந்தைப்படுத்துபவர்’ என்று தனித்தனியே இருக்கும். உணவுப்பொருளில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் ஒன்றில் தொடங்கினால் உரிமம் பெற்ற நிறுவனம், இரண்டில் தொடங்கினால் பதிவு மட்டும் செய்த சிறு தொழில். கடை, தயாரிப்பாளரை மாற்றினால் உறை மாறாமலே சரக்கு மாறும். சென்ற மாதம் நன்றாக இருந்த கடலைப்பருப்பு இந்த மாதம் வேகாமல் போவதற்கு இதுவும் காரணமாகலாம்.

பழுது நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதிலும் மூன்று வகைக்கும் வேறுபாடு உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பிறர் தயாரித்ததில் தன் பெயரைப் பொறித்து விற்பவரும் தயாரிப்பாளராகவே கருதப்படுவார். சொந்தப் பாக்கெட் விற்கும் கடை ‘நாங்கள் வாங்கித்தான் விற்கிறோம்’ என்று தப்ப முடியாது. தயாரித்தவர் யாரென்றே தெரியாத சரக்கால் தீங்கு நேர்ந்தால் விற்றவரே பொறுப்பாவார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் மூன்று வகைச் சரக்குக்கும் புகார் செய்யலாம். அதற்குப் பொருளின் பெயரும் அளவும் தேதியும் உள்ள பில் வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தரும் துண்டுச்சீட்டை வைத்து எந்தப் பருப்பு எந்த நாளில் வாங்கியது என்று நிரூபிப்பது கடினம்.